சம்பந்திக்கு எத்தனை மதிப்பெண்?

அத்தியாயம் 14

சென்ற வாரம் ரோஷினிக்கும் பிரசன்னாவுக்கும் தாம்பூலம் மாற்றினார்கள். பந்தியில் ரசம் ஆறிப்போயிருந்தது என்ற ஒரே குறையோடு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். நிச்சயதார்த்தத்தில் குறை ஒன்றோடு நின்றால் பெண் வீட்டுக்கு அது லாபக் கணக்குதான்.

அந்த லாபம் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த மூன்றாவது மாடி வீட்டில் அகல்யா இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. திரையில் சொர்ணம்.

மாப்பிள்ளையின் அம்மா ஏழரை மணிக்குக் கூப்பிட்டால், பெண்ணைப் பெற்றவள் முதலில் அடுப்பை அணைப்பாள். பிறகுதான் கை போனுக்குப் போகும்.

"இன்னா சம்மந்திம்மா, வேலையா கீறீங்களா?"

"இல்ல, சொல்லுங்க சம்பந்தி. இட்லிதான்."

"எங்க ஊட்டுக்காரரு அஞ்சு மணிக்கே எய்ந்து சட்டைக்கு இஸ்திரி போட்டுகினு கீறாரு. காலேஜுல சேர்ற வரிக்கும், ரிட்டேர் ஆகி நாலு வருஷமா லுங்கிய உட்டு வெளிய வராத மனுஷன். இன்னிக்கு நீங்க அவரு கிளாஸ பாக்க வர்றீங்களாமே."

"ஆமாங்க. புதுசா சேந்த மூணு பேரையும் பாக்கணும். காலேஜ் ரூல்."

"ரூலு பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க நல்லபடியா பாத்துட்டு வாங்க."

'நல்லபடியா' என்பதை சொர்ணம் எங்கே வைத்தாள் பாருங்கள். துணிக்கடையில் பில் போடும் நேரத்தில், 'நம்ம கடைதானே, பாத்துப் போடுங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்லும் வாடிக்கையாளர்கள் உண்டு. அந்தச் சிரிப்பில் கடைக்காரனுக்குப் பத்து சதவீதம் போய்விடும்.

அகல்யா போனை வைத்தாள். ரோஷினி தலையில் துண்டோடு வந்து நின்றாள்.

"என் மாமனாருக்கு மார்க் போடப் போறியா?"

"போடத்தான வேணும்."

"பத்துக்கு எவ்வளவு?"

"வகுப்பப் பாக்காம எப்படிடீ சொல்ல?"

"ஆறுக்குக் கீழ போனா வேலை போயிரும்னு நீதான சொன்ன."

"ஆமா."

"வேலை போனா அவர் திரும்ப லுங்கிக்கு வந்துருவார். வீட்டோட இருப்பார். நான் ஒர்க் ஃப்ரம் ஹோம். அந்த வீட்ல நானும் அவரும் நாள் பூராவும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கணும். யோசிச்சுப் போடு."

அகல்யாவின் கணவர் கார்த்திகேசன் இந்த மாதிரி வாரங்களில் சேலத்துக்கு ஆடிட் போய்விடுவார். இந்த வாரமும் போயிருந்தார்.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இங்கே இரண்டு வரி.

பூந்தமல்லி பக்கம் ஒரு கலைக் கல்லூரி. முதலாண்டு மாணவர் அத்தனை பேருக்கும் 'எழுத்துப் பயிற்சி' என்று ஒரு பாடம். கடிதம், அறிக்கை, கட்டுரை எல்லாம் எழுதப் பழக்குவது. அந்தப் பாடத்துக்கு ஒருங்கிணைப்பாளர் அகல்யா. ஒவ்வோர் ஆண்டும் வேலைக்கு வரும் புது ஆசிரியர்கள் முதல் வகுப்பில் தடுமாறுவதைப் பார்த்துப் பார்த்து, மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அவள் ஒரு கையேடு தயாரித்தாள். பதினைந்து வாரப் பாடம். என்ன சொல்வது, எங்கே நிறுத்துவது, எந்தக் கேள்வி கேட்பது, எல்லாம் அதில் இருக்கும். கையேட்டைக் கொடுத்து இரண்டு நாள் பயிற்சியும் கொடுப்பாள். ஒரு மாதம் கழித்து வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவாள். ஆறு வந்தால் வேலை தொடரும்.

இந்த ஆண்டு வந்த மூவரில் ஒருவர் கோதண்டம். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவர். தபாலில் எம்.ஏ. தமிழ் படிக்கத் தொடங்கி, இரண்டு தாள்களில் இரண்டு முறை தவறி, ஒன்பதாவது வருடம் பட்டம் வாங்கியவர். வேலை அனுபவம் உள்ளவர்களும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கல்லூரி விளம்பரம் கொடுத்தபோது யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டுவிட்டார். பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்த அன்றைக்கு அகல்யா மதியம் சாப்பிடவில்லை.

சொல்லப்போனால், அவர் குடும்பம் நெல் போட்ட இடத்தில்தான் இப்போது அவள் வீட்டு அடுக்ககம் நிற்கிறது. அந்த மனிதருக்கு அவள் மேலதிகாரி. வீட்டு வாசலில் 'வாங்க சம்பந்தி' என்று கும்பிட வேண்டியவரை, கல்லூரி வராந்தாவில் 'கோதண்டம் சார், வருகைப் பதிவேடு எங்கே' என்று கேட்க வேண்டும்.

பதினோரு மணி வகுப்பு. அகல்யா மதிப்பீட்டுப் படிவத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கோதண்டத்தின் சட்டை மடிப்பில் கை வைத்தால் அறுத்துவிடும் போல இருந்தது. கரும்பலகையில் 'பத்தி எழுதுவது எப்படி' என்று எழுதினார். அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல எழுத்துகள் வரிசையாக நின்றன. அகல்யாவுக்கு மூச்சு வந்தது.

கோதண்டம் கையேட்டை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கணீரென்று தொடங்கினார்.

"எழுதிக்கோங்க. ஒரு பத்திக்கு ஒரு கருத்து. புள்ளி. அந்தக் கருத்து முதல் வரியிலேயே தெரிய வேண்டும். புள்ளி."

அறுபது பேனாக்கள் ஓடின. சொல்லி எழுத வைப்பது அகல்யாவுக்குப் பிடிக்காது. ஆனாலும் இது பெரிய குற்றமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"அடுத்து. இந்த இடத்தில் நிறுத்திக் கடைசி பெஞ்சைப் பார்க்கவும். புள்ளி."

அறுபது பேரும் எழுதினார்கள்.

"யாரும் பதில் சொல்லாவிட்டால், கமா, பதற வேண்டாம். மனத்துக்குள் பத்து வரை எண்ணவும். தேவைப்பட்டால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும்."

அகல்யாவுக்கு முன்னால் இருந்த மாணவன் 'தண்ணீர் குடிக்கவும்' என்பதன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டான். முக்கியமாம்.

முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், எத்தனை வரைக்கும் எண்ணணும்னு பரீட்சைல கேப்பாங்களா?"

"கேட்டா பத்துன்னு எய்து," என்றார் கோதண்டம். "அடுத்து. இங்கே ஒரு சிறிய நகைச்சுவை சொல்லலாம். எடுத்துக்காட்டு, பின்னிணைப்பு மூன்று."

"பின்னிணைப்பு மூணு எங்க சார் கீது?"

"எம் புக்குல கீது. உங்களுக்கு வேணாம். எய்து."

ஆசிரியருக்குச் சொன்னதையெல்லாம் மனிதர் மாணவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக. நான்கு வகுப்புகளில்.

அகல்யாவுக்குக் காரணம் அந்த நொடியே தெரிந்துவிட்டது. கையேட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தரும் பாடம் பயிற்சியின் இரண்டாம் நாளில்தான் வரும். அன்றைக்குத்தான் மாப்பிள்ளை வீட்டில் நிச்சயதார்த்தப் புடவை எடுக்க நாள் பார்த்திருந்தார்கள். மற்ற இருவர் வராமல் இருந்திருந்தால் வீட்டுக்கே போய் இழுத்து வந்திருப்பாள். மாப்பிள்ளையின் அப்பாவிடம், 'புடவை கிடக்கட்டும், பயிற்சிக்கு வாங்க' என்று பெண்ணைப் பெற்றவள் எந்த வாயால் சொல்வாள்? 'அதுக்கென்ன சம்பந்தி, நீங்க நல்லபடியா போய்ட்டு வாங்க' என்று அவளே அனுப்பிவைத்தாள்.

மணி அடித்தது. மாணவர்கள் போனார்கள். கோதண்டம் கடைசி பெஞ்சுக்கு வந்து, கட்டிய கையோடு நின்றார்.

"எப்படி கீது மேடம்?"

"நல்லா இருந்தது சார்," என்றாள் அகல்யா. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

மதியம் துறை அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அகல்யா படிவத்தை நிரப்பினாள். குரல் வளம் நன்று. வகுப்பு ஒழுங்கு மிக நன்று. கரும்பலகைப் பயன்பாடு மிக நன்று. கையேட்டை முழுமையாகப் பின்பற்றுகிறார். கடைசி வரியை எழுதும்போது, அது பொய்யில்லை என்று ஒரு தரம் தனக்குள் சொல்லிக்கொண்டாள். மொத்தம் பத்துக்கு எட்டு.

படிவத்தின் அடியில் ஒரு கட்டம். ஆசிரியர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொன்னவளும் அகல்யாதான். எல்லாம் வெளிப்படையாக நடக்க வேண்டுமாம்.

கோதண்டம் உட்கார்ந்து படித்தார். இரண்டாம் தரம் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பேனாவை எடுத்தார். மூடியைத் திரும்பப் போட்டார்.

"நான் கையெய்த்துப் போட மாட்டேன்."

"ஏன் சார், எட்டு போதாதா?"

"மேடம், முப்பது வருஷம் நான் ரிப்போர்ட் எய்தினவன். எத்தினி பேரு எத்தினி தினுசா பூசி எய்துவான்னு எனக்குத் தெரியும். ஒரு கொறகூட இல்லாத ரிப்போர்ட் வந்துச்சுன்னா, பாத்தவன் பொருளப் பாக்கல, ஆளப் பாத்துருக்கான்னு அர்த்தம். நீங்க இன்னாத்த பாத்தீங்க?"

அகல்யா மேசையைப் பார்த்தாள்.

"சம்மந்தின்னு பாத்தீங்களா?"

"ஆமா," என்றாள். வேறென்ன சொல்வது?

"அப்ப கிளாஸ்ல இன்னா தப்புன்னு சொல்லுங்க."

சொன்னாள். முதலில் சுற்றி வளைத்து, பிறகு நேராக. கடைசி பெஞ்சைப் பார்க்க வேண்டியவர் ஆசிரியர். பத்து வரை எண்ண வேண்டியவர் ஆசிரியர். தண்ணீரும் அவருக்குத்தான்.

கோதண்டம் கையேட்டை அந்தப் பக்கத்தில் பிரித்துப் பார்த்தார். காதின் நுனி சிவந்திருந்தது.

"நான் அது எய்தறவனுக்குச் சொன்னதுன்னு நென்ச்சேன்," என்றார். "பேப்பர வெச்சிகினு குந்துவோம், ஒண்ணும் வராது. பதறாத, பத்து எண்ணு, தண்ணி குடி. நான் எம்.ஏ. எய்தினது அப்படித்தான். எவ்ளோ கரீட்டா சொல்லிகீறாங்க நம்ம சம்மந்தின்னு ஊட்லகூடச் சொன்னேன்."

அகல்யாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது. இரண்டையும் அடக்கினாள்.

"இப்ப மார்க்கப் போடுங்க," என்றார் அவர்.

"ஏழு."

"மூணு."

"என்ன சார் மூணு? குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. ஆறரை."

"அறுபது பசங்க நோட்ல தண்ணி குடிக்கிறது கீது. அதுக்கு ஆறரையா? கொரலுக்கு வேணா அரை ஏத்திக்கோங்க. மூணரை."

"ஒரு பிள்ளை பேசல, ஒருத்தன் போன் பாக்கல. என் வகுப்புலகூட அப்படி இருக்க மாட்டாங்க. ஆறு. ஆறு போட்டா உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"அதுக்குத்தான் ஆறு வேணாங்கறேன். நாலு."

"அஞ்சு."

"நாலு. இதுக்கு மேல ஏத்துனீங்கன்னா நான் எய்ந்து பூடுவேன்."

விற்பவன் ஏற்றுவான், வாங்குபவன் இறக்குவான். சௌகார்பேட்டையில் பிறந்து கொத்தவால்சாவடியில் வளர்ந்தவனும் இப்படித் தலைகீழாக நடந்த பேரத்தைப் பார்த்திருக்க மாட்டான்.

"எழுத்து அழகா இருந்துச்சு பலகைல," என்றாள் அகல்யா, கடைசி ஆயுதமாக.

கோதண்டம் யோசித்தார். அது மட்டும் உண்மை என்று அவருக்கும் தெரியும்.

"சரி. நாலரை. முடிச்சுக்கோங்க."

அகல்யா பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். அவர் படித்து, தலையாட்டி, 'ஆசிரியர் கருத்து' என்ற வெற்று இடத்தில் தானும் ஏதோ எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

"சொர்ணத்துகிட்ட இன்னா சொல்லப் போறீங்க?" என்று எழும்போது கேட்டார்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"பாஸா ஃபெயிலான்னு கேட்டா, இன்னும் பேப்பர் திருத்தலன்னு சொல்லிடுறேன். ஒம்பது வருஷம் அப்படித்தான் ஓட்டுனேன்."

முதல்வர் தங்கராஜ் நான்கு மணிக்குப் படிவத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"நாலரையா?"

"ஆமா சார்."

"உங்க சம்பந்தின்னு சொன்னாங்களே."

"ஆமா சார்."

"அவரே கையெழுத்தும் போட்டிருக்கார்." முதல்வர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அகல்யா, மூணு வருஷமா உங்ககிட்டேர்ந்து வர்றதெல்லாம் எட்டு, எட்டரை. நானும் கோப்புல வெச்சுட்டுப் போயிடுவேன். 'மறுமுறை பார்க்கலாம்'னு இங்க ஒரு கட்டம் இருக்கே, இதுல ஒரு தடவைகூட நாம டிக் போட்டதில்ல."

"இப்ப போடலாமா சார்?"

முதல்வரின் கண் படிவத்தின் அடிப்பக்கம் இறங்கியது. 'ஆசிரியர் கருத்து' பகுதியைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார்.

"'பயிற்சியின் இரண்டாம் நாள் நான் வரவில்லை. அது என் பிழை. கையேட்டில் ஆசிரியர் செய்ய வேண்டியதும் மாணவருக்குச் சொல்ல வேண்டியதும் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் உள்ளன. அது கையேட்டின் பிழை. இதே பாடத்தை, இதே கையேட்டை வைத்து, ஒருங்கிணைப்பாளர் எடுப்பதை ஒரு முறை பார்க்க விரும்புகிறேன். பார்த்தால் திருத்திக்கொள்வேன்.'"

படித்து முடித்து அகல்யாவைப் பார்த்தார். "என்னமா எழுதியிருக்கார் மனுஷன். ஒரு சொல் அதிகம் கிடையாது, குறைச்சல் கிடையாது. இவரை எழுத்து சொல்லிக்கொடுக்கத்தானே எடுத்தோம்?"

"ஆமா சார்."

முதல்வர் இதுவரை தொடாத அந்தக் கட்டத்தில் டிக் போட்டார். "பத்து நாள் தர்றேன். நான் வந்து பாப்பேன். அப்பவும் ஆறு வரலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, கல்யாணப் பத்திரிகைய நீங்க நேர்ல வந்து வெச்சாலும். அதுக்கு முன்னாடி அவர் கேட்டத செஞ்சு குடுங்க. திங்கக்கிழமை நீங்க அந்தப் பாடத்த எடுங்க. அவர் உக்காந்து பாக்கட்டும்."

"சரி சார்," என்றாள் அகல்யா, இது என்ன பெரிய வேலை என்பது போல.

ஆறு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது ரோஷினி கதவைத் திறந்துகொண்டே கேட்டாள். "எவ்வளவு?"

"நாலரை."

ரோஷினி சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "பத்துக்கா?"

"அதுவும் நான் ஏத்தி ஏத்திக் கேட்டது. அவர் மூணுல நின்னார்." அகல்யா நடந்ததைச் சொன்னாள். ரோஷினி தண்ணீர் குடிக்கும் இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கையெழுத்துப் போட மறுத்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள்.

"அவரு நல்ல மனுஷன்மா," என்றாள்.

"அது நாலு மாசம் முன்னாடியே பாத்துதான வாக்குக் குடுத்தோம்."

"இல்ல. அப்ப நீ வீட்டப் பாத்த, வேலையப் பாத்த. இப்பதான் அவரப் பாத்த."

அகல்யாவின் போனில் செய்தி வந்தது. கோதண்டம். பேசும்போது வரும் ஆவடி, எழுதும்போது வராது.

'வணக்கம். முதல்வர் தகவல் சொன்னார். திங்கள் காலை 9 மணிக்கு மூன்றாவது பெஞ்சில் இருப்பேன். வகுப்பு எத்தனை நிமிடம், எந்தப் பகுதிக்கு எத்தனை நிமிடம் என்ற விவரம் தேவை. கடிகாரம் கொண்டுவருவேன்.'

"கடிகாரமா?" என்றாள் ரோஷினி, எட்டிப் பார்த்து. "மாமா உன்ன உண்டு இல்லன்னு பண்ணப் போறார்."

"என் கையேடு. எனக்கென்ன பயம்?"

"நீ அத வெச்சு எத்தனை கிளாஸ் எடுத்திருப்ப?"

அகல்யா பையிலிருந்து கையேட்டை எடுத்தாள். கையேடு புது ஆசிரியர்களுக்காக எழுதியது. அவள் பழைய ஆசிரியர். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அவள் வகுப்பு தானாக ஓடும். மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட அந்தப் புத்தகத்தைத் தன் வகுப்புக்குள் எடுத்துப் போனதில்லை.

"உக்காரு," என்றாள் மகளிடம். "நீதான் மாணவி. மணி பாத்துக்கோ."

கூடத்தின் நடுவில் நின்று, கையேட்டைப் பிரித்து, எழுதியிருந்தபடியே தொடங்கினாள். வணக்கம் சொன்னாள். சென்ற வாரப் பாடத்தை நினைவுபடுத்தினாள். மூன்று கேள்விகள் கேட்டாள். ரோஷினி சொன்ன பதில்களைக் கையேடு சொன்னபடி பாராட்டினாள். ஒரு குட்டிக் கதை. கதையிலிருந்து ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு இருவர் இருவராகப் பேச வேண்டும். ரோஷினி தனக்கும் சோபாத் தலையணைக்குமாகப் பேசினாள்.

"அம்மா."

"குறுக்கப் பேசாத. கேள்வி இருந்தா கையத் தூக்கு."

ரோஷினி கையைத் தூக்கினாள். "முதல் பகுதி அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்க."

"ஆமா."

"இருபத்திரண்டு ஆச்சு. நீ இன்னும் பலகைப் பக்கமே போகல."

அகல்யா கையேட்டை மூடி அட்டையைப் பார்த்தாள், வேறு யாராவது எழுதியதோ என்பது போல. அட்டையில் அவள் பெயர்தான் இருந்தது.

"இந்த மூணு வருஷத்துல இத எத்தனை பேருக்குக் குடுத்திருக்க?"

"பதினோரு பேரு."

"ஒருத்தர்கூடச் சொல்லலியா?"

"நான் எல்லாருக்கும் எட்டு போட்டேன்ல. எவன் சொல்லுவான்?"

திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. அகல்யா தரையில் உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, 'ஐந்து' என்பதன் மேல் அழுத்தமாக ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் என்ன எண் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.